நாலு பாட்டில் டெஸ்ட்: 2 லட்சம் கிலோமீட்டர் தாண்டின டீசல் காரும் அதோட இன்ஜெக்டரும்

(ஆடியோ எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

போன வாரம் ஒரு அண்ணா வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தாரு. 2012 மாடல் ஸ்விஃப்ட் டீசல், 2,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, வாடகைக்கு ஓட்டுறாரு. காலையில ஒரே செல்ஃப்ல ஸ்டார்ட் ஆகுது. ஆனா சவாரி முடிச்சுட்டு பத்து நிமிஷம் டீ குடிக்க நிறுத்தினா, மறுபடி ஸ்டார்ட் பண்ண அஞ்சாறு தடவை செல்ஃப் அடிக்கணும். ஒரு ஒர்க்‌ஷாப்ல ஸ்கேனரை மாட்டிப் பாத்துட்டு, "நாலு இன்ஜெக்டரும் போச்சு, மொத்தமா மாத்திடுங்க"ன்னு சொல்லிட்டாங்க. அந்தத் தொகையைப் போட்டா அந்த வண்டியை வச்சிருக்கிறதுல அர்த்தமே இல்ல. போடலைன்னா வருமானம் இல்ல. "தம்பி, உண்மையிலேயே நாலும் போயிருக்குமா?"ன்னு கேட்டாரு.

இன்னைக்கு எபிசோட் முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில்தான். ஸ்விஃப்ட் மட்டும் இல்ல, காமன் ரயில் டீசல் கார் வச்சிருக்கிற எல்லாருக்கும் இது பொருந்தும்.

முதல்ல இந்த இன்ஜினைப் பத்தி

ஸ்விஃப்ட் டீசல்ல இருக்கிறது ஃபியட்டோட 1.3 மல்டிஜெட். 1,248 சிசி, நாலு சிலிண்டர். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோன்னு இந்தியாவுல பல கம்பெனி கார்ல இதே இன்ஜின் ஓடுச்சு. அதனாலதான் இதுக்கு ‘இந்தியாவின் தேசிய இன்ஜின்’னு செல்லப்பேரு. 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்தப்போ மாருதி டீசலையே நிறுத்திட்டாங்க. இன்னைக்கு ரோட்டுல ஓடுற மாருதி 1.3 எல்லாமே வயசான வண்டிதான். 2 லட்சம் தாண்டினது சர்வ சாதாரணம்.

காமன் ரயில்னா என்ன? பழைய டீசல் இன்ஜின்ல பம்ப்தான் மூளை. எந்த சிலிண்டருக்கு எப்போ எவ்வளவு டீசல்னு பம்ப் முடிவு பண்ணும். அழுத்தம் வந்தா நாசில் தானா திறக்கும், அவ்வளவுதான். காமன் ரயில்ல பம்ப்போட வேலை அழுத்தத்தை உண்டாக்குறது மட்டும். அந்த டீசல் எல்லாம் ‘ரயில்’ங்கிற ஒரு பொதுக் குழாய்ல தேங்கி நிக்கும். எப்போ திறக்கணும், எத்தனை மைக்ரோ செகண்ட் திறந்திருக்கணும்னு முடிவு பண்றது ஈசியூ. திறந்து மூடுறது இன்ஜெக்டருக்குள்ள இருக்கிற காந்தச் சுருள், அதாவது சொலினாய்டு. இந்த முறையில வந்த முதல் பயணிகள் கார் 1997ல ஆல்ஃபா ரோமியோ 156. ஃபியட் குழுமத்துல உருவான தொழில்நுட்பத்தை வாங்கி உற்பத்திக்குக் கொண்டு வந்தது பாஷ்.

ஒரு சொட்டை பத்தாப் பிரிக்கிற வேலை

இன்ஜெக்டர் எவ்வளவு நுணுக்கமான சாமான்னு ஒரு கணக்குப் போட்டுப் பாப்போம்.

ஐட்லிங்ல இந்த வண்டி மணிக்கு சுமார் அரை லிட்டர் டீசல் குடிக்குதுன்னு வச்சுக்கோங்க. அது சுமார் 415 கிராம். 850 ஆர்பிஎம்ல ஒரு நிமிஷத்துக்கு 1,700 தடவை ஏதாவது ஒரு சிலிண்டர் எரியுது. ஒரு மணி நேரத்துக்கு 1,02,000 தடவை. வகுத்தா, ஒரு தடவைக்கு 4 மில்லிகிராம். கண் மருந்து ஒரு சொட்டு விடுவோமே, அந்த அளவு டீசலை பத்தாப் பிரிச்சு, அதுல ஒரு பங்கு. அதையும் ஒரே மூச்சுல விடாது. முதல்ல துளியூண்டு ஒரு முன்-இன்ஜெக்‌ஷன், அப்புறம் மெயின். அந்த முன்-இன்ஜெக்‌ஷன்தான் டீசலோட ‘டக டக’ சத்தத்தைக் குறைக்குது.

அழுத்தம்? இந்த சிஸ்டம்ல அதிகபட்சம் சுமார் 1,600 பார். ஒரு சதுர சென்டிமீட்டர்ல கிட்டத்தட்ட 1,600 கிலோ நிக்கிற மாதிரி. கார் டயர் காத்தோட ஒப்பிட்டா 700 மடங்கு.

எத்தனை தடவை? சராசரி வேகம் 40, சராசரி 2,000 ஆர்பிஎம்னு வச்சா, 2,30,000 கிலோமீட்டருக்கு 5,750 மணி நேரம். ஒவ்வொரு சிலிண்டரும் சுமார் 34 கோடி தடவை எரிஞ்சிருக்கு. ஒரு தடவைக்கு குறைஞ்சது ரெண்டு இன்ஜெக்‌ஷன்னா, ஒரு இன்ஜெக்டர் சுமார் 69 கோடி தடவை திறந்து மூடியிருக்கு. இவ்வளவுக்கு அப்புறமும் வண்டி ஸ்டார்ட் ஆகுதேங்கிறதுதான் எனக்கு ஆச்சரியம்.

எங்க தேயுது?

இன்ஜெக்டர்ல தேயுற இடம் ரெண்டு. இந்த ரெண்டையும் பிரிச்சுப் பாத்தாலே பாதி குழப்பம் போயிடும்.

ஒண்ணு, கீழ் முனை: நாசில். எரிஅறைக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதி. முடி அளவு துளைகள், உள்ளே ஒரு ஊசி. துளையில கரி அடைச்சா தூவல் சரியா விழாது. ஊசி உக்காருற இடம் தேஞ்சா, மூடின அப்புறமும் டீசல் சொட்டும்.

ரெண்டு, மேல் பகுதி: கண்ட்ரோல் வால்வு. 1,600 பார் அழுத்தத்தை எதிர்த்து ஒரு ஊசியைத் தூக்குற பலம் அந்தச் சின்ன காந்தத்துக்குக் கிடையாது. அதனால ஒரு தந்திரம். ஊசிக்கு மேல ஒரு குட்டி அறை இருக்கு, அதுலயும் அதே அழுத்தத்துல டீசல் நிக்கும். அது ஊசியை கீழே அமுக்கி வச்சிருக்கும். காந்தம் அந்த அறையோட வால்வை மட்டும் திறக்கும். அறையில அழுத்தம் குறைஞ்சதும் கீழே இருக்கிற டீசலே ஊசியைத் தூக்கிடும். அந்த அறையிலிருந்து வெளியே வந்த டீசல் ரிட்டர்ன் லைன் வழியா டேங்குக்குத் திரும்பும்.

ஆக, நல்லா இருக்கிற இன்ஜெக்டரும் கொஞ்சம் டீசலைத் திருப்பி விடும். அந்த வால்வு உக்காருற இடம் தேஞ்சா, மூடியிருக்கும்போதும் கசியும். திரும்பிப் போற டீசல் கூடும், ரயில்ல அழுத்தம் நிக்காது. டீசல்ல தண்ணியும் தூசியும் இருந்தா இது சீக்கிரமே நடக்கும்.

இப்போ அண்ணாவோட வண்டிக்கு வருவோம். செல்ஃப் அடிக்கும்போது ரயில்ல ஒரு குறைஞ்சபட்ச அழுத்தம் வராம ஈசியூ இன்ஜெக்டரைத் திறக்கவே திறக்காது. வண்டிக்கு வண்டி மாறும், பொதுவா 200 பார் பக்கம். காலையில டீசல் குளிர்ந்து கெட்டியா இருக்கும், கசிவு கம்மி, அழுத்தம் ஏறிடும். இன்ஜின் சூடானதும் டீசல் இளகிடும், அதே தேய்மானத்துல கசிவு கூடிடும், அழுத்தம் ஏறாது. அதனாலதான் ஆறின வண்டி ஸ்டார்ட் ஆகுது, சூடான வண்டி அடம் பிடிக்குது.

இதுக்கு நேர் எதிரா காலையில மட்டும் தகராறு, சூடானா சரியாயிடுதுன்னா, முதல்ல ஹீட்டர் பிளக், பேட்டரி, கம்ப்ரஷன் பக்கம் பாருங்க. இந்த ஒரு வித்தியாசத்தைக் கேட்காமலேயே இன்ஜெக்டரைக் கழட்டுறவங்க இருக்காங்க.

ஸ்கேனர் சொல்றது தீர்ப்பு இல்ல, துப்பு

ஸ்கேனர்ல சிலிண்டர் வாரியா ஒரு கரெக்‌ஷன் எண் வரும். ஒவ்வொரு சிலிண்டர் எரியும்போதும் கிராங்க் எவ்வளவு வேகமாகுதுன்னு ஈசியூ பாக்கும். மூணாவது சிலிண்டர் கொஞ்சம் சோம்பேறியா இருந்தா அதுக்கு மட்டும் டீசலைக் கூட்டும். அந்தக் கூட்டல் கழித்தல்தான் அந்த எண்.

ஆனா அந்தச் சிலிண்டர் ஏன் சோம்பேறின்னு ஈசியூவுக்குத் தெரியாது. இன்ஜெக்டர் அடைச்சிருக்கலாம். வால்வு சரியா உக்காராம இருக்கலாம். ரிங் தேஞ்சு கம்ப்ரஷன் போயிருக்கலாம். எல்லாத்துக்கும் எண் ஒண்ணுதான். நம்ம சாஃப்ட்வேர் வேலையிலயும் இதே கதைதான். லாக்ல எரர் விழுற ஃபைலும், தப்பு இருக்கிற ஃபைலும் எப்பவும் ஒண்ணா இருக்கணும்னு அவசியமில்ல.

கரும்புகையும் அப்படித்தான். டர்போ ஹோஸ்ல கிழிசல், அடைச்ச ஏர் ஃபில்டர், திறந்தபடியே மாட்டிக்கிட்ட ஈஜிஆர் வால்வு எல்லாமே கரும்புகை தரும். அதை வச்சு மட்டும் இன்ஜெக்டர் மேல பழி போடாதீங்க. முதல்ல டீசல் ஃபில்டரைப் பாருங்க. மாத்தி ரொம்ப நாள் ஆகியிருந்தா அதை மாத்திட்டு அப்புறம் பேசலாம். பட்டியல்ல இருக்கிறதிலேயே விலை குறைஞ்ச வேலை அதுதான்.

நாலு பாட்டில் டெஸ்ட்

இப்போ முக்கியமான விஷயம். எந்த இன்ஜெக்டர் திருப்பி விடுறது அதிகம்னு பாக்க பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். ஒரே அளவு பாட்டில் நாலு, ஒரே நீளத்துல தெளிவான டியூப் நாலு. இதான் ரிட்டர்ன் டெஸ்ட்.

இன்ஜின் நிறுத்தியிருக்கும்போது ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலயும் இருக்கிற ரிட்டர்ன் பைப்பைக் கழட்டி, அந்த இடத்துல டியூபை மாட்டி, பாட்டிலுக்குள்ள விடணும். வண்டியோட ரிட்டர்ன் பைப்பை அடைச்சு வைக்கணும். ஸ்டார்ட் பண்ணி ரெண்டு மூணு நிமிஷம் ஐட்லிங்ல விடணும், நிறுத்தணும், பாட்டில்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். சூடான பிறகுதான் தகராறுன்னா, டெஸ்டையும் இன்ஜின் சூடான பிறகுதான் செய்யணும்.

பாக்குறது அளவை விட ஒப்பீட்டை. நாலும் கிட்டத்தட்ட சமமா, குறைவா இருந்தா இன்ஜெக்டர் மேல சந்தேகம் குறையுது. அப்போ பம்ப், அழுத்தத்தைக் கட்டுப்படுத்துற வால்வு, லைன்ல காத்து இழுக்கிறது பக்கம் போகணும். ஒண்ணு மட்டும் மத்ததை விட ரெண்டு மூணு மடங்கு நிறைஞ்சிருந்தா ஆள் மாட்டிக்கிச்சு. நாலும் சமமா, ஆனா மேனுவல்ல சொன்னதை விட ரொம்ப அதிகம்னா, அப்போதான் "நாலும் போச்சு"ங்கிற பேச்சு.

வண்டி ஸ்டார்ட்டே ஆகலைன்னாலும் இந்த டெஸ்ட் உதவும். ஈசியூ இன்னும் இன்ஜெக்டரைத் திறக்கல, ஆனா செல்ஃப் அடிக்கும்போதே ஒரு டியூப்ல டீசல் வேகமா வருதுன்னா, அது சுத்தமான கசிவுதான்.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, இது சொலினாய்டு இன்ஜெக்டருக்கான டெஸ்ட். பீசோ வகை சில இன்ஜெக்டருக்கு ரிட்டர்ன் லைன்லயும் அழுத்தம் இருந்தாதான் வேலை செய்யும், அதுல இப்படிப் பண்ணக்கூடாது. உங்க வண்டியில எது இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டுத் தொடுங்க.

ரெண்டாவது, உயிர் சம்பந்தப்பட்டது. பழைய டீசல் வண்டியில, இன்ஜின் ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் தளர்த்தி, எந்தச் சிலிண்டர் வேலை செய்யலன்னு கண்டுபிடிப்பாங்க. அனுபவசாலி மெக்கானிக்குக்கு அது கை வந்த பழக்கம். காமன் ரயில்ல அதை ஒருபோதும் செய்யாதீங்க. அந்த அழுத்தத்துல வர்ற டீசல் ஊசி மாதிரி தோலைத் துளைச்சு உள்ளே போயிடும். வெளியே பாத்தா சின்னப் புள்ளிதான் தெரியும், வலி கூட முதல்ல இருக்காது. ஆனா உள்ளே தசை அழிய ஆரம்பிச்சிடும், விரலையோ கையையோ இழக்கிற அளவுக்குப் போகலாம். அப்படி ஆனா மஞ்சள் வச்சுக் கட்டிட்டு வேலையைப் பாக்காதீங்க. அடுத்த நிமிஷமே ஆஸ்பத்திரி. "அழுத்தத்துல வந்த டீசல் உள்ளே போயிடுச்சு"ன்னு டாக்டர்கிட்ட தெளிவா சொல்லுங்க.

அண்ணாவோட பாட்டில்கள்

அண்ணாவை அவருக்குத் தெரிஞ்ச ஒரு மெக்கானிக்கை வச்சு இந்த டெஸ்ட் பண்ணச் சொன்னேன். போட்டோ அனுப்பினாரு. ஒண்ணு, மூணு, நாலு மூணும் ஒரே உயரம். ரெண்டாவது பாட்டில் மட்டும் கிட்டத்தட்ட மூணு மடங்கு.

நாலு போகல. ஒண்ணுதான் போயிருக்கு.

அடுத்த கேள்வி: ஒண்ணை மட்டும் கழட்டவா, நாலையும் கழட்டவா? இதுல ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு. வேலை செய்யுற இன்ஜெக்டரை எதுக்குத் தொடணும், கழட்டும்போது உடைஞ்சா என்ன பண்றதுங்கிறது ஒரு பக்கம். ரிட்டர்ன் டெஸ்ட் காட்டுறது கண்ட்ரோல் வால்வோட நிலைமையை மட்டும்தான், நாசில் சொட்டுதாங்கிறதை அது சொல்லாதுங்கிறது இன்னொரு பக்கம். என் கருத்து: 2 லட்சம் தாண்டின வண்டி, சுலபமா கழண்டு வருதுன்னா நாலையும் பெஞ்ச்ல டெஸ்ட் பண்ணுங்க. டெஸ்ட் பண்றது வேற, மாத்துறது வேற. இறுகிப் போய் வர மறுத்தா, சந்தேகப்பட்டதை மட்டும் எடுங்க.

கழட்டும்போது

சுத்தம்தான் முதல் விதி. ஊசிக்கும் அது ஓடுற குழிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி சில மைக்ரான்தான். ஒரு மணல் துகள் போதும். சுத்தி இருக்கிற தூசியைக் காத்து அடிச்சு சுத்தம் பண்ணிட்டு, பைப் கழட்டின உடனே எல்லா வாயிலயும் மூடி போடணும். வேஸ்ட் துணியைச் செருகி வைக்கிற கடையைப் பாத்தா வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுங்க.

எந்த இன்ஜெக்டர் எந்த சிலிண்டர்னு எழுதி ஒட்டணும். கிளாம்ப் போல்ட்டை எடுத்தும் வரலைன்னா, இளக்குற எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடணும். அப்புறம் இழுக்கிறதுக்குன்னே இருக்கிற புல்லரால நேரா இழுக்கணும். பக்கவாட்டுல நெம்பினா இன்ஜெக்டர் போச்சு, சில சமயம் சிலிண்டர் ஹெட்டும் போச்சு.

இன்ஜெக்டரைச் சுத்தி தார் மாதிரி கருப்பா ஒட்டியிருக்கா, ஓடும்போது ‘சுஃப் சுஃப்’னு சத்தம் வந்துச்சான்னு பாருங்க. இருந்தா, கீழே இருக்கிற காப்பர் வாஷர் வழியா எரிஅறைக் காத்து வெளியே வந்துக்கிட்டு இருக்கு. அந்த வாஷர் சின்னச் சாமான்தான். ஆனா அதை அப்படியே விட்டா அடுத்த தடவை இன்ஜெக்டர் கழண்டே வராது.

பெஞ்ச்ல என்ன கேட்கணும்

நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரி ஊர்கள்லயும் பெரிய நகரங்கள்லயும் டீசல் பம்ப் கடைகள் இருக்கு. காமன் ரயில் டெஸ்ட் பெஞ்ச் இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க. நல்ல கடையில வேலைக்கு முன்னாடி ஒரு ரிப்போர்ட், பின்னாடி ஒரு ரிப்போர்ட் தருவாங்க. அதுல கசிவு, ஃபுல் லோடு, ஐட்லிங், முன்-இன்ஜெக்‌ஷன், ரிட்டர்ன்னு ஒவ்வொரு நிலைக்கும் இருக்க வேண்டிய அளவும் வந்த அளவும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். காகிதம் தராம "சரி பண்ணிட்டோம்"னு மட்டும் சொன்னா நம்பாதீங்க.

அல்ட்ராசோனிக் கிளீனிங் கரியை எடுக்கும். தேஞ்ச உலோகத்தைத் திருப்பித் தராது. ரிட்டர்ன் அதிகம்னா வால்வு செட் மாத்தணும். சொட்டுதுன்னா நாசில் மாத்தணும். டேங்குல ஊத்துற கிளீனர் பாட்டிலும் அப்படித்தான். லேசான அடைப்புக்கு உதவலாம், தேய்மானத்துக்கு உதவாது.

திருப்பி மாட்டும்போது

காப்பர் வாஷர் கண்டிப்பா புதுசு, அதே கனம். கனம் மாறினா நாசில் உள்ளே நீட்டிக்கிட்டு இருக்கிற அளவு மாறிடும். பழைய வாஷர் குழிக்குள்ளேயே ஒட்டிக்கிட்டு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாக்கணும். அது மேலேயே புதுசைப் போட்டு மூடுறது அடிக்கடி நடக்குது. வாஷர் உக்காருற இடத்துக் கரியைச் சுரண்டும்போது, துகள் சிலிண்டருக்குள்ள விழாம பாத்துக்கணும்.

கிளாம்ப்பை டார்க் ரெஞ்சாலதான் இறுக்கணும். அதிகமா இறுக்கினா இன்ஜெக்டர் உடம்பே லேசா நசுங்கி, உள்ளே ஊசி பிடிக்கும். முதல்ல கிளாம்ப்பை லேசா வச்சு, பைப் நட்டைக் கையால ஓட்டி, அப்புறம் கிளாம்ப், கடைசியா பைப். லீக் இருக்கான்னு பாக்க கையை நீட்டாதீங்க, ஒரு அட்டையைக் காட்டுங்க.

கடைசியா கோடு. ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலயும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு இருக்கும். உற்பத்தியிலேயே இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசத்தைச் சொல்ற கோடு அது. புது இன்ஜெக்டர் போட்டாலோ, சிலிண்டர் மாத்திப் போட்டாலோ, அதை ஈசியூவுல பதியணும். பதியாம விட்டா ஐட்லிங் ஆடும், புகை வரும். "புது சாமான் போட்டும் சரியாகல"ங்கிற புகார் இப்படியும் வரும்.

தள்ளிப் போட்டா என்ன ஆகும்?

ரிட்டர்ன் அதிகமான இன்ஜெக்டர் உங்களை ரோட்டுல நிறுத்தும், அவ்வளவுதான். சொட்டுற நாசில் அப்படி இல்ல. தப்பான நேரத்துல விழுற டீசல் பிஸ்டன் தலையிலயே எரியும். தொடர்ந்தா பிஸ்டன்ல ஓட்டை விழும். எரியாத டீசல் ஆயிலோட கலந்து ஆயில் நீர்த்துப் போகும். டிப் ஸ்டிக்ல ஆயில் அளவு குறையாம ஏறிக்கிட்டே வந்தா, ஒரு சிலிண்டர்ல மட்டும் கடினமான தட்டல் சத்தம் வந்தா, வெள்ளைப் புகை வந்தா, அந்த வண்டியை அதுக்கு மேல ஓட்டாதீங்க. இன்ஜெக்டர் செலவு அப்போ இன்ஜின் செலவா மாறிடும்.

அண்ணாவோட வண்டியில நாலையும் பெஞ்ச்ல பாத்தாங்க. ரெண்டாவதுக்கு வால்வு செட், நாலாவதுக்கு நாசில். மத்த ரெண்டும் அளவுக்குள்ளேயே இருக்கு, புது வாஷரோட திரும்பப் போயிடுச்சு. முதல்ல சொன்ன தொகையில ஒரு சின்னப் பங்குதான் செலவு. இப்போ டீ குடிச்சுட்டு வந்து ஒரே செல்ஃப்ல கிளம்புறாராம்.

நீங்க செய்ய வேண்டியது மூணே விஷயம். டீசல் ஃபில்டரை சர்வீஸ் கணக்குப்படி மாத்துங்க. அடியில தேங்குற தண்ணியை வடிங்க. டேங்கைக் காலியாக விடாதீங்க. அப்புறமும் யாராவது "நாலும் போச்சு"ன்னு சொன்னா, சண்டை போட வேண்டாம். "பாட்டில்ல பிடிச்சுக் காட்டுங்கண்ணே"ன்னு மட்டும் கேளுங்க.

அடுத்த எபிசோட்ல டர்போ. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, வண்டி மாடலும் கிலோமீட்டரும் சேத்துச் சொல்லுங்க.